வாட்ச்சுக் கணக்கும் அரணாக்கயிறும்

மஞ்சக் காட்டுல ரெண்டாவது களை முடிஞ்சு, மண் அணைச்சு, இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடைச்சிருக்கு. போன பதிவுல போட்ட படத்துல என் கையில கிடந்த வாட்ச்சைப் பாத்துட்டு, "விவசாயிக்கு எதுக்குங்க இதெல்லாம்?"னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான். அந்த வாட்ச்சை நம்பி நான் பட்ட பாட்டைச் சொன்னா உங்கள்ல சில பேருக்காவது உதவும்னுதான் இதை எழுதறேன்.

போன தை மாசம் கோபியில ரத்தம் குடுத்துப் பாத்ததுல எச்.பி.ஏ.1.சி. 6.2னு வந்துச்சு. அது மூணு மாசத்துச் சர்க்கரையோட சராசரி. 5.7க்குக் கீழ இருந்தா பயமில்ல, 6.5ஐத் தொட்டா சர்க்கரை வியாதி. ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்டு இருந்தேன். எங்கப்பாவுக்குச் சர்க்கரையில கால் போனதை முன்னாடியே எழுதியிருக்கேன். அதனால அந்த 6.2ஐப் பாத்ததும் வயித்துல புளியைக் கரைச்சது வாஸ்தவம்.

டாக்டர் மாத்திரை எழுதல. "தினமும் ஒரு மணி நேரம் நடங்க, வாயைக் கட்டுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னாரு. "நான் காட்டுல வேலை செய்யறவனுங்க, தனியா எதுக்கு நடக்கணும்?"னு கேட்டேன். "என்ன வேலை செய்யறீங்க, சொல்லுங்க"ன்னாரு. சொல்லச் சொல்ல எனக்கே வெளங்குச்சு. உழவுக்கு டிராக்டர், மருந்தடிக்க ஆளு, மஞ்சளுக்குச் சொட்டுநீர், பால் ஊத்த மொபட். வாய்க்கால் தண்ணி விடற நாள்ல நெல்லு வயல்ல மடை மாத்தறதைத் தவிர நான் குனிஞ்சு நிமிர்ற வேலை பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. காட்டுல இருக்கறது வேற, காட்டுல வேலை செய்யறது வேறங்க.

கோயமுத்தூர்ல வேலை பாக்கற மக விஷயத்தைக் கேள்விப்பட்டு, அடுத்த வாரமே வாட்ச்சோட வந்துட்டா. வயசு 52, உயரம் 168, எடை 72ன்னு அவளே எல்லாத்தையும் பதிஞ்சு, என் கையில கட்டி விட்டா. "ப்பா, நீங்க எவ்வளவு நடக்கறீங்க, எத்தனை கலோரி எரிக்கறீங்க, எல்லாம் இதுல வரும்"னா. புள்ள ஆசையா வாங்கித் தந்தது. மறுநா விடியக்காலம் தடப்பள்ளி வாய்க்கால் கரையில நடக்க ஆரம்பிச்சேன்.

ஒரு மணி நேரத்துல அஞ்சு கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து வாட்ச்சைப் பாத்தா 410 கலோரின்னு பச்சையா ஒரு வளையம் சுத்தி முடிச்சு, பட்டாசு வெடிக்கற மாதிரி படம் வேற காட்டுது. நானும் விவரமான ஆளாட்டம் சாப்பாட்டுக்குக் கணக்குப் பாத்தேன். ஒரு உளுந்து வடை சுமாரா நூறு, சக்கரை போட்ட டீ எண்பது தொண்ணூறு. அப்படின்னா ரெண்டு வடை, ஒரு பஜ்ஜி, ஒரு டீ சாப்பிட்டாலும் இன்னைக்கு நடந்த நடையிலேயே கழிஞ்சு போகுமே!

அதுதான் நடந்துச்சு. நடை முடியற எடத்துல ஒரு டீக்கடை. சூடா வடை போட்டுட்டு இருப்பாங்க. முன்னெல்லாம் அந்தப் பக்கமே போகாதவன், "சம்பாரிச்சுட்டுத்தான திங்கறோம்"ங்கற தைரியத்துல தினமும் உக்கார ஆரம்பிச்சேன். எங்க வீட்டம்மா கேட்டதுக்குக் கூட வாட்ச்சைத்தான் நீட்டிக் காமிச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லல. எங்கம்மா மட்டும் ஒரு நாள் திண்ணையில உக்காந்துட்டு, "ஏஞ்சாமி, அரணாக்கவுறு இறுக்குதாட்டத் தெரியுது. அவுத்து வேற கட்டிக்க"ன்னாங்க. நான் காதுலயே போட்டுக்கல.

சித்திரை மாசம் மறுபடியும் ரத்தம் குடுத்தேன். 6.7. எடை எழுபத்திநாலரை.

டாக்டர் முன்னாடி உக்காந்துட்டு, "தினமும் தவறாம நடந்தேனுங்களே"ன்னு வாட்ச்சைக் காட்டறேன். அவர் என் மூஞ்சியப் பாத்துட்டு, "நடந்ததுக்குக் கூலியா என்ன சாப்பிட்டீங்க?"ன்னாரு. வடைக் கதையச் சொன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன், சிரிக்கல. "அந்தக் கலோரி நம்பரை நம்பிச் சாப்பிட்டு இங்க வர்றவங்கள்ல நீங்க முதல் ஆள் இல்லீங்க"ன்னுட்டு, மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டிட்டாரு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு என் மேலதான் கோவம். கரும்பு லாரியில எத்தனை டன்னுன்னு எவனாவது கண்ணளவுல சொன்னா, எடைமேடையில ஏத்தாம நம்புவனா நான்? இதை மட்டும் எப்படி நம்புனேன்?

அதுக்கப்பறம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன். படிச்சு வெளங்கிக்கிட்டதை என் பாணியில சொல்றேன்.

ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி சூடேத்த எவ்வளவு சூடு வேணுமோ அது ஒரு கிலோ கலோரி. சாப்பாட்டுப் பேச்சுல அதைத்தான் கலோரின்னு சொல்றோம். ஆனா கையில கட்டற வாட்ச் எந்தச் சூட்டையும் அளக்கறதில்ல. அதுக்குள்ள ரெண்டு சங்கதிதான். ஒண்ணு, மணிக்கட்டு ஆடறதை உணர்ற சில்லு. இன்னொண்ணு, தோல் மேல பச்சை வெளிச்சம் அடிச்சு நாடித்துடிப்பை எண்ற கண்ணு. இந்த ரெண்டையும், நாம பதிஞ்சு வெச்ச வயசு, எடை, உயரத்தையும் ஒரு சூத்திரத்துல போட்டு, "இவ்வளவு எரிஞ்சிருக்கும்"னு ஒரு மதிப்பு போடுது. மண்டியில மஞ்சக் குவியலைச் சுத்தி வந்து "நாப்பது மூட்டை தேறும்"னு சொல்ற தரகர் மாதிரி. அனுபவசாலிதான், ஆனா அவர் சொல்றது எடை இல்ல.

அமெரிக்காவுல ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க 2017ல இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஏழு விதமான மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்குக் கட்டி, நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க வெச்சு, மூச்சுக் காத்தை அளக்கற கருவியோட ஒப்பிட்டிருக்காங்க. ஏழுல ஆறு கருவி நாடித்துடிப்பை அஞ்சு சதவீதத்துக்குள்ள சரியாச் சொல்லிருச்சு. கலோரியில மட்டும் ஒண்ணு கூடத் தேறல. இருக்கறதுலயே ஒழுங்கான கருவி சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமான கருவி 93 சதவீதம் தப்பு. அதுக்கப்பறம் எத்தனையோ புது மாடல் வந்தாச்சு. ஆனாலும் மணிக்கட்டுல இருந்துட்டு வயித்துக் கணக்குப் போடற வேலை இன்னும் மாறல.

சரி, என்னோட 410ல எவ்வளவுதான் நெசம்? வேலைகளுக்கு "மெட்"னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. சும்மா உக்காந்திருந்தா ஒரு மெட். அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி. நான் நடக்கற வேகத்துக்குச் சுமார் மூணரை மெட். 72 கிலோவுக்குப் பெருக்கினா 252. ஆனா அந்த ஒரு மணி நேரம் நான் திண்ணையில உக்காந்திருந்தாலே 72 எரிஞ்சிருக்கும். உசுரோட இருக்கறதுக்கே ஆகற செலவு அது. அதைக் கழிச்சா, நடந்ததுக்குன்னு கூடுதலா எரிஞ்சது 180. ஒரு டீயும் ஒரு வடையும், அவ்வளவுதான். நான் தின்னது 410க்கு. தெனம் 230 மிச்சம். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரின்னு சொல்றாங்க. 90 நாளைக்குப் பெருக்கி வகுத்துப் பாத்தேன். ரெண்டரைக் கிலோவுக்கும் மேல வருது. ஒடம்பு அப்படியே வாய்ப்பாடு மாதிரி நடக்காதுதான். ஆனாலும் எடை மெஷின் காட்டுனதுக்கும் இதுக்கும் பெரிய தூரமில்லீங்க.

அந்த மெட் கணக்கே கூட எல்லாருக்கும் பொருந்தாதாம். சும்மா இருக்கறப்போ ஒரு கிலோவுக்கு நிமிசத்துக்கு 3.5 மில்லி ஆக்சிஜன் செலவாகும்ங்கறதுதான் அதுக்கு அஸ்திவாரம். அந்த 3.5, நாப்பது வயசு, எழுபது கிலோ எடையுள்ள ஒரே ஒரு ஆம்பளைகிட்ட எடுத்த அளவு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2005ல எழுநூறு பேருக்கும் மேல அளந்து பாத்தா, சராசரி 2.6தான் வந்திருக்கு. எவனோ ஒருத்தன் ஒடம்புக்குத் தைச்ச சட்டைய ஊருக்கே மாட்டி விட்டிருக்காங்க.

இதெல்லாம் படிச்ச கையோட நானே சில சோதனை பண்ணிப் பாத்தேன். ஒரு நாள் நிலப் பத்திரம் சம்பந்தமா ஒரு ஆபீசுக்குப் போயிருந்தேன். மூணாவது தடவையும் "நாளைக்கு வாங்க"ன்னாங்க. நாற்காலியில உக்காந்தபடியே எனக்குத் துடிப்பு 118க்கு ஏறிருச்சு. வாட்ச் டிக்குனு அதிர்ந்து, "உடற்பயிற்சி செய்கிறீர்களா?"ன்னு கேக்குது. கோவம் வந்தாலும், பயந்தாலும், வெயில்ல சும்மா நின்னாலும் நெஞ்சு அடிச்சுக்கத்தான் செய்யும். அதுக்காக அவ்வளவு கலோரி எரியறதில்ல. பொறவு ஒரு நாள் வாய்க்கால் மேட்டுக் குண்டுகுழி ரோட்டுல மொபட்ல கோபிக்கு ரெண்டு நடை போய்ட்டு வந்தேன். அன்னைக்கு நான் நடந்தது அரை மணி நேரம் கூட இருக்காது. வாட்ச்சுல 8,300 அடி, 390 கலோரி! மொபட்டு குலுங்கினதெல்லாம் என் கணக்குல வரவாயிருச்சு. அதே வாட்ச், மாட்டுக்குத் தீவனப்புல்லுக் கட்டைத் தலையில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு கால் கிலோமீட்டர் வந்தா பாதி அடியைக் கூட எண்ணல. கை ஆடலையே!

இதுவரைக்கும் சிரிச்சுட்டே போயிரலாம். ஆவணி மாசம் நடந்ததுதான் இன்னைக்கும் எனக்கு உறுத்திட்டே இருக்கு.

மஞ்சக் காட்டுல களை வெட்டு. வழக்கமா வர்ற அக்காமாருங்க எட்டுப் பேர். அதுல மூத்த அக்காவுக்கு அறுவதை ஒட்டி வயசிருக்கும், ஒடம்பு நாப்பத்தியாறு கிலோதான். இருவத்தஞ்சு வருசமா எங்க காட்டுக்கு வர்றவங்க. காலையில எட்டரைக்குக் களைக்கொத்தோட குத்துக்கால் போட்டு உக்காந்தா, மதியம் ஒரு மணி வரைக்கும் நகர்ந்து நகர்ந்து பார் பாரா முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பாங்க. நான் வாட்ச்சைக் கழட்டி, "அக்கா, ஒரு சோதனைக்கு இதைக் கட்டிக்கறீங்களா?"ன்னேன். "எனக்கெதுக்குங் தம்பி, சேறாயிரும்"னாங்க. மத்தவங்க கேலி பண்ணவும் கட்டிக்கிட்டாங்க.

மதியம் கழட்டிப் பாத்தேன். 1,140 அடி. 118 கலோரி.

எட்டுப் பேரும் எட்டிப் பாத்தாங்க. "என்னுங் தம்பி போட்டிருக்குது?"னு அக்கா கேட்டாங்க. நான் யோசிக்காம, "நீங்க வேலையே செய்யலீங்குதுக்கா"ன்னு சிரிச்சுட்டே சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா மட்டும் கையில இருந்த மண்ணை முந்தானையில தொடைச்சுட்டே, "நல்லாருக்குதுங். நாளைக்கு இதை வெச்சுக் கூலி போட்டுறாதீங்க தம்பி"ன்னாங்க.

விளையாட்டாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்குச் சோறு எறங்கல.

அன்னைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். களை வெட்டற வேலைக்கு அந்த மெட் பட்டியல்ல, மெதுவாச் செஞ்சா மூணரை, கொத்தை வெச்சு மும்முரமாச் செஞ்சா அஞ்சு வரைக்கும் போட்டிருக்கு. நடுவுல நாலுன்னு வெச்சுக்குவோம். 46 கிலோ, தண்ணி குடிச்ச நேரம் போக நாலு மணி நேரம். 736 வருது. சும்மா இருந்தாலும் எரியற 184ஐக் கழிச்சாலும் 552. இதுவும் கண்ணளவுக் கணக்குதான், அந்த ஒத்தை ஆம்பளை சட்டைக் கதை இதுக்கும் உண்டு. பாதிக்குப் பாதி தள்ளினாலும் 118க்குக் கிட்டவே வராது. போதாததுக்கு அந்த 118ஐயும் வாட்ச் எனக்குன்னு நெனச்சுப் போட்டிருக்கு. 72 கிலோ ஆம்பளை ஒருத்தன் சும்மா உக்காந்துட்டு மணிக்கட்டை ஆட்டிட்டு இருந்தான்னு அதுக்கு நெனப்பு. குத்துக்கால் போட்ட தொடையும், குனிஞ்ச இடுப்பும் படற பாடு மணிக்கட்டுக்கு எப்படித் தெரியும்?

ஐதராபாத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கு. 1918ல நம்ம குன்னூர்லதான் அது ஆரம்பிச்சது, 1958லதான் அங்க மாறுச்சு. நம்ம ஊர் ஆளுகளுக்கு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வேணும்னு அவங்க 2020ல ஒரு கணக்குக் குடுத்திருக்காங்க. 65 கிலோ ஆம்பளை உக்காந்த வேலைன்னா 2,110 கலோரி. 55 கிலோ பொம்பளை கடின ஒழைப்புன்னா 2,720. அந்த அக்கா 55 கிலோ இல்ல, கொஞ்சம் கொறைச்சுக்கலாம். நானும் 65 கிலோ இல்ல, கொஞ்சம் கூட்டிக்கலாம். அப்பவும், என்னை விட அவங்க தட்டுலதான் அதிகமா இருக்கணும். நெசத்துல எப்படி இருக்குதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எரிக்காத நான் வாட்ச்சைக் காட்டி வடை திங்கறேன். எரிக்கற அக்கா தூக்குப்போசியில பழைய சோத்தைக் கரைச்சுக் குடிக்கறாங்க.

அப்ப கலோரிய உண்மையா அளக்கவே வழியில்லையான்னு கேப்பீங்க. இருக்குங்க. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணியக் குடிக்கக் குடுத்து, ஒண்ணு ரெண்டு வாரம் மூத்திரத்தைச் சோதிப்பாங்க. ஒரு தொட்டிக்கு ரெண்டு மடைன்னு வெச்சுக்குங்க. ஹைட்ரஜன் தண்ணி மடை வழியா மட்டும்தான் வெளிய போகும். ஆக்சிஜன் தண்ணி மடையிலயும் போகும், மூச்சுக்காத்து மடையிலயும் போகும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வெச்சு எவ்வளவு மூச்சுக்காத்து போச்சு, எவ்வளவு எரிஞ்சுதுன்னு சொல்லிரலாம். செலவு புடிச்ச வேலை, ஆனா கிட்டத்தட்ட எடைமேடை மாதிரி.

இந்த மொறையில ஹெர்மன் போன்ட்சர்ங்கற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் டான்சானியாவுல வேட்டையாடிப் பொழைக்கற ஹட்ஸா மக்களை அளந்து 2012ல வெளியிட்டாங்க. நாளெல்லாம் நடக்கற அந்த ஜனங்க, ஒடம்பு அளவைக் கணக்குல எடுத்துப் பாத்தா, உக்காந்து பொழைக்கற மேலைநாட்டுக்காரங்க எரிக்கற அளவேதான் நாளைக்கு எரிக்கறாங்களாம். ஒரு பக்கம் செலவு கூடுனா ஒடம்பு இன்னொரு பக்கம் சிக்கனம் புடிச்சுக்குதுன்னு அவர் சொல்றாரு. எல்லாரும் அதை ஒத்துக்கல. ஆனா "நடந்தேன், அதனால திங்கலாம்"ங்கற என் கணக்கு வாட்ச் சரியாச் சொல்லியிருந்தாலும் தப்பாத்தான் போயிருக்கும்னு எனக்குத் தோணுச்சு.

அதுக்காக நடக்காதீங்கன்னு சொல்லல. நடக்கறதுனால சர்க்கரை கட்டுப்படும், ரத்த அழுத்தம் எறங்கும், ராத்திரி தூக்கம் வரும். அது எல்லாம் கலோரிக் கணக்குல வராத வரவு. நான் இப்பவும் நடக்கறேன், வாட்ச்சும் கட்டறேன். துடிப்பு பாக்க, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடை கொறைஞ்சுதான்னு பாக்க அது நல்ல சாமான்தான். தப்பாவே அளந்தாலும் தெனம் ஒரே மாதிரி தப்பா அளந்தா என்னை என்னோட ஒப்பிட்டுக்கலாமே. கலோரி காட்டற பக்கத்தை மட்டும் மககிட்டச் சொல்லி மூடி வெச்சாச்சு. "ஸாரிப்பா, நானும் அதை நம்பித்தான் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்தேன்"னா. விட்டுத்தள்ளு சாமின்னேன்.

வடை வாரத்துக்கு ஒண்ணு. ராத்திரிக்கு அரிசியைக் கொறைச்சு, கொள்ளும் கீரையும். காலையில நடை போக, சாயங்காலம் ஒரு மணி நேரம் களைக்கொத்தை எடுத்துட்டுக் காட்டுல உக்காந்துக்கறேன். முதல் நாள் பத்து நிமிசத்துல தொடை நடுங்கிருச்சு. மூத்த அக்கா பாத்துட்டு, "இப்ப வாட்ச்சு என்னுங் சொல்லுது?"ன்னாங்க. "கழட்டி வெச்சுட்டேனுங்க்கா"ன்னேன். இந்த வருசக் களைக்குக் கூலியோட மதியச் சாப்பாடும் நம்ம வீட்டுலன்னு முடிவு பண்ணியிருக்கோம். பெரிய தருமம் ஒண்ணுமில்ல, முன்னாடி எங்கம்மா காலத்துல இருந்த வழக்கம்தான். இடையில நாங்கதான் விட்டுட்டோம்.

போன வாரம் ரத்தம் குடுத்தேன். 6.3. மாத்திரையோட சேத்துத்தான், அதனால ரொம்பப் பீத்திக்க மாட்டேன். எடை எழுபத்தொண்ணு. எங்கம்மா சொன்ன அரணாக்கயிறு இப்ப ரெண்டு விரல் நொழையற அளவுக்குத் தளர்ந்து கெடக்கு. அதுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்ல, வயசு எடை பதிய வேண்டியதில்ல, பட்டாசும் வெடிக்காது.

சரிங்க, வாய்க்கால்ல மொறைத் தண்ணி வர்ற நேரமாச்சு. மடை மாத்தப் போகணும். அடுத்த பதிவுல பாக்கலாம்.